காணிப் பதிவகத்தில் றோஸி தீர்ப்பேற்றிய காதை

கடல் சூழ்ந்த இலங்கைத் திருநாட்டின் தலைவாயிலாம் கொழும்பு மாநகரிலே, துறைமுகத்துப் பாரந்தூக்கிகள் வானத்தை அளந்து நிற்க, கப்பற்சங்கின் முழக்கமும் கோயில் மணியும் மாதா கோவில் மணியும் ஒன்றையொன்று முந்த முனையும் கொட்டாஞ்சேனை என்னும் கீர்த்திமிகு பதியிலே, ரோல்ஸ் சுருட்டிய கையினள், பட்டீஸ் பொரித்த புகழினள், கொதியெண்ணெய்த் தாச்சியின் முன்னே ஒருநாளும் புறங்காட்டி அறியாத மறத்தினள், திருமதி றோஸி அம்மையார் வாழ்க. அவளது இடக்கையில் கேடயம்போல் விளங்கிய பிளாஸ்டிக் பைல் வாழ்க. தொலைந்த பொருளை மீட்டுத் தருவதில் நிகரற்ற கொச்சிக்கடை அந்தோனியார், இக்காதை தங்குதடையின்றி நடக்க அருள் புரிக.

அம்மையாரின் பகைவன் எத்தகையன் என்று கேட்பீராயின், கேளுங்கள். வெள்ளவத்தைக் கடற்கரையோரம் வாழ்ந்த சவுந்தரநாயகம் என்னும் அப்பெருமகன் வாக்கு வள்ளல். கேட்டவர்க்கெல்லாம் கேட்ட மாத்திரத்தில், முகம் கோணாமல், நெஞ்சில் கைவைத்து, "தாறன்" என்ற ஒரு சொல்லை அள்ளி வழங்கியவன். அச்சொல்லைத் தவிர வேறெதையும் எவர்க்கும் வழங்கி அறியாதவன். பால்போல் வெளுத்த சட்டையும், நெற்றியிற் சந்தனமும், காண்போர் மனத்தைக் கரைக்கும் புன்னகையும் அவன் படைக்கலங்கள். கடன்காரர் கதவைத் தட்டினால் ஒளியமாட்டான். உள்ளே அழைத்து, தேநீர் கொடுத்து, அவர்தம் பிள்ளைகளின் படிப்பை விசாரித்து, வந்த காரியத்தை அவர்களே மறந்து போகும்படி வாசல்வரை வந்து வழியனுப்புவான்.

இத்தகையோன் தன் ஒரே மகளுக்குக் காலி வீதியோரத்து மண்டபமொன்றில் கலியாணம் செய்தபோது, விருந்துப் பொறுப்பை றோஸியிடம் ஒப்படைத்தான். அவளும் தன் அடுக்களைச் சேனையை இரவுபகல் பாராமல் நடத்தி, புரியாணி மலைகளையும் கட்லட் குன்றுகளையும் வட்டிலப்பத் தடாகங்களையும் அம்மண்டபத்தில் எழுப்பினாள். விருந்தினர் உண்டார்கள், மீண்டும் உண்டார்கள், பொதி கட்டியும் கொண்டு போனார்கள். சவுந்தரநாயகம் நெஞ்சிற் கைவைத்து "தாறன்" என்றான். மாதங்கள் உருண்டன. கோழிக்காரனுக்கும் அரிசிக்காரனுக்கும் சம்பளக்காரப் பெண்களுக்கும் றோஸி தன் இரட்டைவடச் சங்கிலியை அடகு வைத்துக் கொடுத்தாள். சங்கிலி அடகில் மூழ்கிய அன்று அவள் அழவில்லை. மறுநாட் காலை புதுக்கடை நீதிமன்றத்துக்குப் போய் வழக்குப் போட்டாள்.

வழக்கு நெடுங்காலம் நடந்து அவள் பக்கம் தீர்ந்தது. போர் முடிந்தது என்று எண்ணி அவள் வழக்கறிஞர் சுகிர்தனின் அலுவலகத்துக்கு ஒரு பெட்டி லவ் கேக்குடன் போனபோது, அவ்விளைஞன் கேக்கை வாயில் வைத்துக்கொண்டே இடியை இறக்கினான்.

"அக்கா, தீர்ப்பு எடுத்தது பாதி வேலைதான். அந்தாளின்ட பேரில வெள்ளவத்தையில ஒரு பிளாட் இருக்கு. காணிப் பதிவகத்தில, அந்த பிளாட்டின்ட பக்கத்தில, எங்கட தீர்ப்பைப் பதிஞ்சு வைக்கோணும். பதியாம விட்டா, அந்தாள் அதை வேற ஆருக்கும் எழுதிக் குடுத்திட்டு என்னட்ட ஒண்டும் இல்லை எண்டு கையை விரிச்சிடும். ஆர் முந்திப் பதியினமோ அவைக்குத்தான் முதலிடம்."

"அவ்வளவுதானே. ஒரு கடதாசியக் குடுக்கிறது பெரிய வேலையா?" என்றாள் றோஸி.

சுகிர்தன் இன்னொரு துண்டு கேக் எடுத்தான்.

அந்தப் பதிவகமோ, படிகள் பல ஏறிச் செல்லும் மேல்மாடியிலே, தூசு படிந்த பேரேடுகளை மதிலாகவும், மனுதாரரின் வரிசையை அகழியாகவும், கண்ணாடிக் கவுண்டரைக் கோட்டை வாயிலாகவும் கொண்டு விளங்கியது. வாயிலைக் காத்து நின்றவள் நதீஷா என்னும் அதிகாரி. சிங்களத்தைத் தாய்மொழியாகப் பெற்று, தமிழை விரும்பிக் கற்று, இரு மொழிகளிலும் எழுத்துப்பிழை பொறாத கண்ணினள். அவளிடம் கடுமை இல்லை, கையூட்டு இல்லை, கருணைகூட ஓரளவு இருந்தது. ஆனால் குறையுள்ள கடதாசி அவள் கண்ணுக்குத் தப்பாது.

முதற் படையெடுப்பில் றோஸி தீர்ப்பின் பிரதியோடு போனாள். அந்த வீடு எந்தப் பேரேட்டில் எந்தப் பக்கத்தில் கிடக்கிறது என்ற இலக்கம் இல்லாமல் அதை எங்கே பதிவது என்று நதீஷா மென்மையாகக் கேட்டாள். றோஸி திரும்பினாள், ஏடு தேடும் பகுதியில் விண்ணப்பித்து, காத்திருந்து, இலக்கத்தை வென்றாள். இரண்டாம் படையெடுப்பில் இலக்கத்தோடு போனாள். பிரதியின் கடைசித் தாளில் மட்டும் நீதிமன்றத்தின் வட்ட முத்திரை இருந்தது. மற்றத் தாள்கள் முத்திரையற்று வெறுமையாய்க் கிடந்தன. மீண்டும் புதுக்கடைக்கு நடந்து, நீதிமன்றப் பதிவாளரின் கதவடியில் நின்று, தாள்தோறும் முத்திரை பெற்று வந்தாள். இவ்வாறு, முத்திரையிட்ட தீர்ப்புப் பிரதி ஈட்டியாகவும், இரண்டு பிரதியில் நிரப்பிய விண்ணப்பம் இரட்டை வாளாகவும், கட்டணம் கட்டிய பற்றுச்சீட்டு மார்புக் கவசமாகவும், அடையாள அட்டை நகல் தலைச்சீராவாகவும் அமைய, அந்தோனியார் கோயிலில் மெழுகுதிரி ஏற்றி, முழங்கால் வலிக்குத் தைலம் பூசி, மூன்றாம் படையெடுப்புக்கு அம்மையார் எழுந்தருளினாள்.

வரிசையில் அவளுக்கு முன்னே ஒரு வெண்முதுகு நின்றது. முதுகு திரும்பியது. சந்தனம் ஒளிர்ந்தது.

"அட, றோஸி தங்கச்சி. எப்பிடிச் சுகம்? உங்கட புரியாணியைப் பற்றி எங்கட சம்பந்தி வீட்டில இப்பவும் கதைக்கினம்" என்றான் சவுந்தரநாயகம், பல நாள் காணாத உடன்பிறப்பைக் கண்டவன்போல.

அவள் உடலெங்கும், அடுப்பேறிய எண்ணெய் சலசலப்பதுபோல் ஓர் ஒலி எழுந்தது. அவளுக்கு மட்டும்தான் கேட்டது. "இருக்கிறன் ஐயா" என்றாள்.

"நீங்களும் காணி கீணி வாங்கிறியளோ?"

"ஒரு வீட்டு விசயமா வந்தனான்."

"நல்லது, நல்லது. நானும் வீட்டு விசயம்தான். பிளாட்டை மச்சான்ட பேருக்கு மாத்துறன். எங்களுக்கும் வயசு போகுதெல்லே. அந்தத் தீர்ப்பை நினைச்சுக் கவலைப்படாதேங்கோ. நான் தாறன்." நெஞ்சிற் கைவைத்தான்.

றோஸி பைலை மார்போடு சேர்த்துப் பிடித்தாள். அவனிடம் வஞ்சகம் தெரியவில்லை. தீர்ப்பு என்பது சட்டம் போட்டுச் சுவரில் மாட்டும் ஒரு பொருள் என்று அவன் உண்மையாகவே நம்பினான். ஆனால் அவன் வரிசையில் முன்னே; அவள் பின்னே. அவன் கடதாசி அந்தக் கண்ணாடித் துவாரத்துள் நுழைந்து முத்திரை பெற்ற கணமே வீடு மச்சானுடையது. தீர்ப்பு வெறும் தாள். சங்கிலி போனது போனதுதான். முன்னால் நிற்பவரை நகரச் சொல்ல அவளுக்கு ஒரு காரணமும் வாய்க்கவில்லை. வரிசை நகர்ந்தது. தன் தோல்வியை நோக்கி அவளும் ஒவ்வோர் அடியாக நகர்ந்தாள்.

சவுந்தரநாயகத்தின் முறை வந்தது. நதீஷா அவனது நன்கொடை உறுதிப் பத்திரத்தைப் பார்த்தாள்; அடையாள அட்டையைப் பார்த்தாள்; வீடு வாங்கிய பழைய உறுதியைப் பார்த்தாள். மீண்டும் அட்டையைப் பார்த்தாள்.

"நம தெகக் நே. இது ரெண்டு பேர், ஐயா" என்றாள். "அடையாள அட்டையில சவுந்தரநாயகம். பழைய உறுதியில சவுந்திரநாயகம். ஒரு எழுத்து வித்தியாசம்."

ஆம், எழுத்தின் தலைமேல் வளைந்தமரும் அச்சின்னஞ்சிறு கோடுதான். இலக்கணம் அறிந்தோர் அதனை மேல்விலங்கு என்பர். தளை என்னும் பொருளிலா, மிருகம் என்னும் பொருளிலா என்று அறியோம். அன்று அக்கோடு தளையாகிச் சவுந்தரநாயகத்தின் காலைப் பிணித்தது, மிருகமாகி அவன் உறுதியைக் கடித்துக் குதறியது. எந்நாளோ, உறுதி எழுதும் எந்த நொத்தாரிசின் எழுதுவினைஞனோ, மதிய உறக்கத்தின் எல்லையில் நின்று ஒரு வளைவைக் கூட்டிப் போட்டான். அவ்வளைவு ஏட்டுக்குள் இத்தனை காலம் பதுங்கியிருந்து இன்று தலைநீட்டிற்று.

சவுந்தரநாயகம் நிமிர்ந்தான். மண்டபம் முழுவதும் கேட்கும்படி பிரகடனம் செய்தான்.

"பிள்ளை, ரெண்டும் நான்தான். வெள்ளவத்தையில போய் விசாரிச்சுப் பாருங்கோ. மீன் சந்தையில இருந்து பிள்ளையார் கோயில் வரைக்கும் ஒரு சவுந்தரநாயகம்தான் இருக்கிறான்."

"எனக்குத் தெரியும் ஐயா. புத்தகத்துக்குத் தெரியாது" என்றாள் நதீஷா. "ரெண்டு பேரும் ஒரே ஆள் எண்டு சத்தியக் கடதாசி முடிச்சுக்கொண்டு வாங்க. கீழ கடையில செய்வாங்க. வரிசையில நிக்கத் தேவையில்லை, நேரா வாங்க. பன்னிரண்டரைக்கு மூடுவம்."

அவன் அகன்றான். வாயில் திறந்தது. றோஸியின் இதயத்தில் பேரிகை கொட்டியது. ஈட்டியும் வாளும் கவசமுமாக அனைத்தையும் அவள் துவாரத்துள் செலுத்தினாள். நதீஷா தாள்தாளாகப் புரட்டினாள். முத்திரை இருந்தது, இலக்கம் இருந்தது, இரண்டு பிரதியும் இருந்தன. "இந்த முறை எல்லாம் ஹரி, எல்லாம் சரி, அக்கே" என்று சொல்லப் போனவள், வாய் திறந்தபடியே நின்றாள்.

"அக்கே. இதுவும் அதே ஆள்தானே?"

தீர்ப்பிலே சவுந்தரநாயகம். பேரேட்டிலே சவுந்திரநாயகம். அதே கோடு.

"மிஸ், இப்ப அவரே எல்லாருக்கும் முன்னால சொன்னாரே, ரெண்டும் நான்தான் எண்டு" என்றாள் றோஸி.

"வாயால சொன்னதைப் பைல்ல போட ஏலாது அக்கே. அந்த ஐயா சத்தியக் கடதாசியில கையெழுத்து வைச்சு ஒண்டு தந்தா உங்களுக்கும் போதும். இல்லாட்டி கோர்ட்டுக்குப் போய்த் தீர்ப்பில பேரைத் திருத்தோணும்." அவள் குரல் தாழ்ந்தது. "அதுக்கு மாசக்கணக்கு ஆகும்."

போர்க்களத்தில் வில் ஒடிந்தவரும் உளர். தேர்க்கால் புதைந்தவரும் உளர். ஆயினும் பகைவனின் கையெழுத்து இல்லாமல் பகைவனை வெல்ல முடியாது என்ற விதியை எதிர்கொண்ட வீராங்கனை றோஸி ஒருத்தியே. கடதாசிகளை நதீஷாவிடமே விட்டு அவள் படிகளில் இறங்கினாள். இறங்கும்போது என்ன செய்வதென்று அவளுக்குத் தெரியாது. அவன் பின்னால் போகவேண்டும் என்பது மட்டும் தெரிந்தது.

கீழே, போட்டோகொப்பி இயந்திரம் உறுமும் சிறு கடையில், சமாதான நீதவான் என்ற பலகையின் கீழ், லுத்பியா என்னும் மாது வீற்றிருந்தாள். சத்தியக் கடதாசி அடித்து, வாசித்து, ஒப்பமிடுவித்து, தன் இறப்பர் முத்திரையால் உயிர் கொடுக்கும் வல்லமை அவளுக்கு இருந்தது. றோஸி உள்ளே நுழைந்தபோது கடதாசி அச்சாகி முடிந்திருந்தது. சவுந்தரநாயகம் தன் சட்டைப் பைகளைத் தடவிக்கொண்டிருந்தான்.

"பிள்ளை, கார்ட் இருக்கு, கையில காசு கொண்டுவரேல்லை. முத்திரையை அடியுங்கோ, நான் பின்னேரம் கொண்டுவந்து தாறன்." கை நெஞ்சுக்குப் போயிற்று.

"அதெல்லாம் சரிவராது மாமா" என்றாள் லுத்பியா, மூக்குக் கண்ணாடிக்கு மேலாக. "கார்ட் மெசின் நம்மளிட்ட இல்ல. கடனும் இல்ல. அந்தா எழுதி ஒட்டி ஈக்கிது, பாருங்க."

வெள்ளவத்தையின் கதவுகளையெல்லாம் திறந்த அப்புன்னகை அந்தச் சிறு மேசையின் விளிம்பில் மோதி விழுந்தது. அவன் சுற்றுமுற்றும் பார்த்தான். கண்கள் றோஸியின்மேல் பட்டன. நாணமில்லை, தயக்கமில்லை, கோடை மழைபோல் இயல்பாக வந்தது அக்கேள்வி.

"றோஸி தங்கச்சி, ஒரு சின்னக் காசு மாறித் தருவியளோ? வெளியில பாங்க் மிசின் இருக்கு, காசு எடுத்த உடன தாறன்."

அவ்வேளை கொட்டாஞ்சேனைப் பெருமகளின் உள்ளத்தில் எழுந்த சீற்றத்தை உரைக்கப் புகுந்தால், அலைகொண்ட முகத்துவாரத்துக் கடலும் ஒரு கோப்பைத் தண்ணீராகும். தூக்கமற்ற இரவுகளும், கோழிக்காரனின் ஏச்சும், கழுத்தில் கைவைத்துச் சங்கிலி இல்லை என்று நினைவுவரும் அந்தக் கணமும் ஒருசேரத் திரண்டு அவள் நாக்கின் நுனியில் வந்து நின்றன. வாய் திறந்தாள். மேசைமேல் கிடந்த கடதாசி கண்ணிற் பட்டது. "சவுந்தரநாயகம் எனவும் சவுந்திரநாயகம் எனவும் குறிப்பிடப்படுபவர் நான் ஒருவனே" என்று அதிலே எழுதியிருந்தது. திறந்த வாயை மூடினாள்.

"எத்தனை பிரதி அடிச்சிருக்கு மகள்?" என்று லுத்பியாவைக் கேட்டாள்.

"எப்பவும் மூணு அடிப்பன். ஒண்டு ஆபீசுக்கு, ஒண்டு ஒப்பம் வைக்கிற பார்ட்டிக்கு, ஒண்டு சும்மா."

றோஸி கைப்பையின் வாயைத் திறந்து பணத்தை எடுத்து மேசைமேல் வைத்தாள். வைத்த கையை எடுக்காமல் சவுந்தரநாயகத்தைப் பார்த்தாள்.

"நான் குடுக்கிறன் ஐயா. சும்மா இருக்கிற பிரதி எனக்கு."

"உங்களுக்கு அது என்னத்துக்கு?"

"காசு குடுத்ததுக்கு ஒரு கடதாசி வேணும்தானே."

அவன் சிரித்தான். வீட்டு வாசலில் நின்று கேட்டவர்க்கெல்லாம் சொல்லை வாரி வழங்கிய அவ்வள்ளல், அன்றுதான் முதன்முதலாக ஒரு பொருளை மனமுவந்து வழங்கினான். "எடுங்கோ தங்கச்சி, எடுங்கோ" என்றபடி மூன்று தாளிலும் பூவேலைபோல் ஒப்பமிட்டான். லுத்பியாவின் முத்திரை இறங்கியது.

பிறகு தொடங்கியது ஓட்டம். பன்னிரண்டரை நெருங்கிக்கொண்டிருந்தது. சவுந்தரநாயகம் லிப்டை நோக்கி யானைபோல் நடந்தான், திறந்த கதவுக்குள் புகுந்தான், அவன் பின்னால் இன்னும் சிலர் நெருக்கிப் புகுந்தனர், றோஸிக்கு இடமில்லை. அவள் படிக்கட்டைப் பார்த்தாள். முழங்காலைப் பார்த்தாள். சீலையைச் சற்றே தூக்கிச் செருகி ஏறத் தொடங்கினாள்.

லிப்டோ நகரவில்லை. பாரம் கூடிவிட்டது என்று அது கீச்சிட்டு அழுதது. ஒருவர் இறங்கினால் போதும். உள்ளிருந்தோர் ஒருவரையொருவர் பார்த்தனர். பிறகு அனைவரும் அவர்களிற் பெரியவனான சவுந்தரநாயகத்தைப் பார்த்தனர். ஆனால் விட்டுக்கொடுப்பதென்பது அப்பெருமகனின் வரலாற்றில் இல்லாத செயல். அவன் புன்னகைத்தான், அவரவர் அவசரத்தை விசாரித்தான், "நான் அடுத்த முறை இறங்கிறன்" என்று வாக்குக் கொடுத்தான். லிப்ட் அழுதுகொண்டேயிருந்தது. மேலே படிக்கட்டில், ஒவ்வொரு படிக்கும் ஒரு புனிதரின் பெயரைச் சொல்லி, கைப்பிடியை நங்கூரக் கயிறுபோல் பற்றி இழுத்து, மூச்சு உலைத்துருத்திபோல் வீச, முழங்கால் இரண்டும் எதிர்க்கட்சியில் சேர்ந்து கூச்சலிட, றோஸி ஏறினாள், திரும்புமுனையில் நின்றாள், மீண்டும் ஏறினாள்.

கவுண்டரில் நதீஷா சாப்பாட்டுப் பொதியைக் கையில் எடுத்திருந்தாள். கண்ணாடித் துவாரத்தின் வழியே றோஸியின் கை ஒரு தாளை நீட்டியது. பேச மூச்சில்லை. நதீஷா தாளை வாசித்தாள், ஒப்பத்தைப் பார்த்தாள், முத்திரையைப் பார்த்தாள். பொதியைக் கீழே வைத்தாள்.

"பொட்டக் இன்ன அக்கே, இருங்க" என்றாள். பேரேடு திறந்தது. இலக்கம் விழுந்தது. முத்திரை உயர்ந்தது, உச்சியில் ஒரு கணம் நின்றது, கோட்டைக் கதவை யானை முட்டியதுபோல் இறங்கிற்று.

சவுந்தரநாயகம் வியர்த்து வந்து சேர்ந்தபோது அவன் உறுதியையும் நதீஷா மறுக்கவில்லை. பதியலாம், ஆனால் தீர்ப்புக்கு அடுத்துத்தான் நிற்கும், வீட்டை யார் வாங்கினாலும் இந்த அம்மாவின் பாக்கியோடுதான் வாங்கவேண்டும் என்று நிதானமாக விளக்கினாள். அவன் மச்சானுக்குப் போன் செய்தான். போனில் மச்சான் கதைத்தது அக்கம்பக்கத்தில் நின்றவர்களுக்கும் கேட்டது. "கடன் கிடக்கிற வீடு எனக்கென்னத்துக்கு அத்தான்? முதல்ல அதைத் தீர்த்துப்போட்டு வாங்கோ."

அவன் சுவரோரத்து வாங்குப் பலகையில் அமர்ந்தான். முதன்முறையாகப் புன்னகை இல்லாத அந்த முகம் களைத்த, வயதுபோன ஒரு மனிதனின் முகமாக இருந்தது. றோஸியும் கால் தாங்காமல் அதே வாங்கின் மறுமுனையில் அமர்ந்திருந்தாள்.

"தங்கச்சி, நான் தரமாட்டன் எண்டு எப்பவாவது சொன்னனானோ?"

"இல்லையே ஐயா. தாறன் எண்டுதானே சொன்னீங்க. அதுதான் எனக்குக் கரைச்சலாப் போச்சு."

அவன் கை நெஞ்சுக்குப் போகப் பார்த்தது; பாதி வழியில் மடியில் விழுந்தது. "திங்கட்கிழமை உங்கட லோயரிட்ட வாறன். செக்கோட வாறன்" என்றான். இம்முறை அவன் குரலில் அலங்காரம் எதுவுமில்லை. ஆகையால் அவள் நம்பினாள்.

இவ்வாறு, தாச்சி வென்ற தடக்கையினள், தாள்தோறும் முத்திரை பெற்ற தவத்தினள், பகைவனின் கையெழுத்தாலேயே பகைவனை வென்ற மதியினள், மேல்விலங்கின் தளையறுத்த மாதரசி, பதிவு பெற்ற பிரதியை வெற்றிக்கொடிபோல் ஏந்தி, படிக்கட்டுகள் பணிந்து வழிவிட, நெடுஞ்சாலையின் வாகனங்கள் எல்லாம் ஊதுகொம்பு முழக்க, நடுவானில் நின்ற கதிரவன் வெண்கொற்றக் குடையாய் விரிந்து ஒளிர, கொழும்பு மாநகரின் வீதியிலே வெற்றியுலா எழுந்தருளினாள்.

பஸ்ஸில் இருக்க இடம் கிடைக்கவில்லை, கொட்டாஞ்சேனை வரைக்கும் நின்றுகொண்டே போனாள்.